நிற்காமல் கடந்துபோன நிலையம்



மும்பையிலும் புனேயிலும் பிழைப்புக்காக வந்து குடியேறிய நம்மில் பெரும்பாலோருக்குச் சொந்த ஊருக்குப் போகிற வழி ஒன்றுதான். கல்யாணில் ரயில் ஏறுகிறோம். லோனாவ்லா மலையைக் கடந்து, புனே, தௌண்ட், சோலாப்பூர், வாடி, ராய்ச்சூர், குண்டக்கல் என்று போய் ரேணிகுண்டாவை அடைகிறோம். அங்கிருந்து சிலர் சென்னைக்கும், சிலர் காட்பாடி வழியாய்த் தெற்கே நெல்லைக்கும் குமரிக்கும் போகிறோம். புனே தாண்டியதும் பெட்டியில் ஒரு அமைதி உண்டாகும். புளிச்சோற்றுப் பொட்டலங்கள் திறக்கப்படும். பிள்ளைகள் மேல் படுக்கைக்கு ஏறிவிடுவார்கள். அந்த நேரத்தில், புனேக்குக் கிழக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தூரத்தில், கரும்பு வயல்களுக்கு நடுவே ஒரு சிறு நிலையம் ஜன்னலுக்கு வெளியே ஓடி மறையும். பெரும்பாலான விரைவு ரயில்கள் அங்கே நிற்பதில்லை. பெயர்ப்பலகையை வாசிப்பதற்குள் அது கடந்துபோகும். அதன் பெயர் கேட்காவ்.

நான் மும்பைக்கு ஊழியத்துக்கு வந்த 1995-ஆம் ஆண்டு முதல் அந்த நிலையத்தைக் குறைந்தது அறுபது முறையாவது கடந்திருப்பேன். பண்டித ரமாபாயின் முக்தி மிஷன் அங்கேதான் இருக்கிறது என்பது வேதாகமக் கல்லூரியில் சபை வரலாற்றுப் பாடத்தில் படித்த விஷயம். பரீட்சையில் அதைப்பற்றி ஒரு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆயினும் 2024-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வரை அங்கே ஒருமுறைகூட இறங்கியதில்லை. இறங்கிய காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிம்ப்ரியிலுள்ள ஒரு தமிழ்ச் சபையார் மூன்று நாள் உபவாசக் கூடுகைக்கு என்னை அழைத்திருந்தார்கள். கொடுக்கப்பட்ட தலைப்பு மனந்திரும்புதல். எனக்கு மிகவும் பழக்கமான தலைப்பு. கிரேக்க மூலத்தில் ‘மெட்டனோயா’ என்றால் மனம் மாறுதல் என்றும், எபிரெயத்தில் ‘ஷூப்’ என்றால் வந்த வழியே திரும்பிப்போதல் என்றும், நம்முடைய தமிழ் வேதாகமத்தின் ‘மனந்திரும்புதல்’ என்ற ஒரே சொல்லில் அந்த இரண்டும் அடங்கியிருக்கின்றன என்றும் விளக்கினேன். ஜனங்கள் ஆமென் சொன்னார்கள். முதல் நாள் இரவு பலர் முன்னே வந்து முழங்காற்படியிட்டு அழுதார்கள். இரண்டாம் நாளும் அப்படியே.

இரண்டாம் நாள் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு தாயார் என்னிடத்தில் வந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்து விதவைத் தாயார். நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்து இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள். ஜெபம் கேட்க வருகிறார்கள் என்று நினைத்துக் கையை உயர்த்தினேன். அவர்களோ, “பாஸ்டர் ஐயா, ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சிக்கிடாதீங்க. நீங்க கடைசியா மனந்திரும்புனது எப்போ?” என்று கேட்டார்கள்.

1987-ஆம் ஆண்டு, பதினேழாம் வயதில், ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் என்று சொல்லத் தொடங்கினேன்.

“அது நீங்க ரட்சிக்கப்பட்டது ஐயா. அதத்தான் மொத நாளே சொல்லிட்டீங்களே. அதுக்குப் பொறவு?”

அவர்கள் முகத்தில் குத்தலோ பரிகாசமோ இல்லை. எனக்குச் சம்பவித்த ஒன்றைக் கேட்டால் தங்களுக்கும் வழி தெரியும் என்றே கேட்டார்கள். என்னிடத்தில் பதில் இல்லை. “நாளைக்குச் சொல்கிறேன் அம்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. பதில் இல்லாததனால் அல்ல. ஒரு பதில் இருந்தது, அது 1999-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்பதனால். அதைப் பிறகு சொல்கிறேன்.

மறுநாள் மாலை வரை எனக்கு வேலை இல்லை. செய்தியை ஆயத்தப்படுத்தும்படி உட்கார்ந்தேன்; கூடவில்லை. புனே நிலையத்துக்குப் போய் தௌண்ட் செல்லும் உள்ளூர் ரயிலில் ஏறினேன். இந்த ரயில் எல்லா இடத்திலும் நின்று செல்லும். ஹடப்சரில் வேலைக்குப் போகிறவர்கள் இறங்கினார்கள். லோணி, உருளி, யவத் என்று ஊர்கள் சிறியவையாகி வயல்கள் பெரியவையாயின. இந்தத் தௌண்ட் தாலுகா கரும்புக்கும் வெல்லத்துக்கும் பெயர்பெற்றது. வெல்லம் காய்ச்சுகிற வாசனை ரயிலுக்குள்ளேயே வந்தது. என் பக்கத்தில் கொத்துமல்லிக் கட்டுகளோடு உட்கார்ந்திருந்த மராத்தியப் பாட்டி, நான் முக்திக்குப் போகிறேன் என்று அறிந்ததும், தமது உறவுக்காரப் பெண் அங்கேதான் படித்தாள் என்று சொல்லி, இறங்கவேண்டிய இடத்தில் என்னை எழுப்பிவிடுவதாகவும் வாக்குக் கொடுத்தார்கள். நான் தூங்கவில்லை. இத்தனை ஆண்டு தூங்கிக்கொண்டே கடந்த இடம் அது.

முக்தி மிஷன் இன்றும் ஜீவனோடு இயங்குகிற இடம். பிள்ளைகளின் இல்லங்களும் பள்ளியும் மருத்துவமனையும் உண்டு. மரங்கள் அடர்ந்த வளாகத்தில் சீருடையணிந்த சிறுமிகள் வரிசையாய்ப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு பணிவிடைக்காரப் பெண்மணி எனக்கு ஆலயத்தையும், பிறகு ரமாபாயின் கல்லறையையும் காண்பித்தார்கள். கல்லறை எளிமையானது. அதன் அருகே ஒரு வேப்பமர நிழலில் நான் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த அம்மையாருடைய வாழ்க்கை நம்முடைய இந்த ரயில் பாதையோடு எவ்வளவு பின்னிக்கிடக்கிறது என்பது அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் என் மனதில் பட்டது. 1858-ஆம் ஆண்டு பிறந்தவர் ரமாபாய். தகப்பனார் அனந்த சாஸ்திரி டோங்ரே, பெண்களுக்குச் சமஸ்கிருதம் கற்பிக்கலாகாது என்ற அக்கால வழக்கத்தை மீறித் தம் மனைவிக்கும் மகளுக்கும் அதைக் கற்பித்தவர். ஊர் ஊராய்ப் புண்ணிய ஸ்தலங்களுக்குச் சென்று புராணம் வாசித்துப் பிழைத்த குடும்பம். 1870-களின் பஞ்சத்தில் கையிலிருந்ததெல்லாம் தீர்ந்தது. தகப்பனார் 1874-இல் திருப்பதிப் பக்கத்தில் மரித்தார். நாம் தேநீர் வாங்கிக் குடிக்கிற ரேணிகுண்டாவிலிருந்து அது கூப்பிடு தூரம். பிறகு தாயார் ராய்ச்சூரில் மரித்தார்கள். தாயின் பசிக்காகப் பக்கத்து வீட்டில் உணவு கேட்கப்போன ரமாபாய்க்கு, கேட்க நா எழவில்லை. தாயின் சரீரத்தைச் சுமக்க ஆள் போதாமல், மகளே ஒரு பக்கம் சுமந்தார். பம்பாய்க்கும் சென்னைக்கும் இடையிலான ரயில் பாதை ராய்ச்சூரில் இணைக்கப்பட்டது 1871-இல். ரயில் ஓடிய அதே காலத்தில் அந்தப் பாதையின் ஓரங்களில் இவர்கள் நடந்தார்கள். அடுத்தமுறை ராய்ச்சூர் வரும்போது ஜன்னலைத் திறந்து ஒரு நிமிஷம் பாருங்கள்.

மிஞ்சிய சகோதரனோடு ரமாபாய் 1878-இல் கல்கத்தாவை அடைந்தார். அங்கே அறிஞர்கள் அவருடைய சமஸ்கிருதப் புலமையைச் சோதித்து ‘பண்டிதா’ என்றும் ‘சரஸ்வதி’ என்றும் பட்டம் சூட்டினார்கள். 1880-இல் சகோதரனும் மரித்தார். அதே ஆண்டு விவாகம். 1882-இல் கணவர் காலராவில் மரித்தார். கைக்குழந்தையோடு விதவையானவர், 1883-இல் இங்கிலாந்துக்குச் சென்றார். அங்கே வழிதவறிய பெண்களைச் சகோதரிகள் அன்போடு சேர்த்துப் பராமரிப்பதைக் கண்டு, இதற்குக் காரணம் என்ன என்று விசாரித்தார். அவர்கள் யோவான் 4-ஆம் அதிகாரத்தைத் திறந்து சமாரியப் பெண்ணின் சரித்திரத்தைக் காண்பித்தார்கள். அவ்வாண்டு செப்டம்பரில் வாண்டேஜ் என்ற ஊரில் தாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

இந்த இடம் வரை நம் சபைகளில் சொல்லுகிற சாட்சிகளைப்போலவே இருக்கிறது. அடுத்து நடந்ததைத்தான் நாம் அதிகமாய்ச் சொல்வதில்லை. ஞானஸ்நானம் பெற்றபின் ரமாபாய் தமக்கு விளங்காத உபதேசங்களை விளங்கியதுபோலப் பேச மறுத்தார். தம்மை ஆதரித்த சகோதரிகளோடே கடிதங்களில் வாதாடினார். சோறு போடுகிற கை அவர்களுடையது. ஆமென் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் எவ்வளவோ சுலபம். மனச்சாட்சி ஒப்பாததை வாய் அறிக்கையிடக்கூடாது என்று இருந்தார். அதனால் அவரைப் பிடிவாதக்காரி என்றார்கள். அந்த நாட்களின் எல்லாக் கேள்விகளிலும் நான் அவரோடு உடன்படுகிறேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் கேள்வியை உள்ளே ஒளித்துவைத்துக்கொண்டு வெளியே அல்லேலூயா சொல்லுகிறவனைவிட, கேட்கிறவன் கர்த்தருக்குச் சமீபமாயிருக்கிறான் என்றே நினைக்கிறேன்.

பிறகு அமெரிக்காவுக்குப் போனார், புத்தகம் எழுதினார், நன்கொடை திரட்டினார், 1889-இல் பம்பாயில் விதவைப் பெண்களுக்காகச் சாரதா சதனைத் திறந்தார், அடுத்த ஆண்டு அதைப் புனேக்கு மாற்றினார். உலகமெல்லாம் அறிந்த கிறிஸ்தவத் தலைவி. அப்படிப்பட்டவர் 1907-இல் தமது சாட்சியை எழுதியபோது ஒரு காரியத்தை மறைக்காமல் எழுதினார். ஞானஸ்நானம் பெற்று ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் கழித்தே, தாம் கண்டடைந்தது கிறிஸ்தவ மார்க்கத்தை மாத்திரமே, கிறிஸ்துவை இன்னும் கண்டடையவில்லை என்று அறிந்துகொண்டதாக அதில் சொல்லியிருக்கிறார். கணக்குப் பார்த்தீர்களா? அந்த எட்டு ஆண்டுகளுக்குள்தான் அமெரிக்கப் பயணமும் சாரதா சதனும் வருகின்றன. பிரபலமான ஊழியம் எல்லாம் நடந்துகொண்டிருந்தபோது உள்ளே அது நடக்கவில்லை என்று, ஊழியத்தின் உச்சியில் நின்றுகொண்டு, தமக்குப் பணம் அனுப்புகிறவர்கள் வாசிக்கும்படியாக எழுதினார். நானாயிருந்தால் அந்தப் பக்கத்தை எழுதியிருப்பேனா என்று அந்த வேப்பமரத்தடியில் யோசித்தேன்.

அந்த உணர்வுக்கு அவரைக் கொண்டுவந்ததில் ஒரு புத்தகத்துக்குப் பங்குண்டு. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பால்டு என்ற ஊரில் ஊழியம் செய்த வில்லியம் ஹாஸ்லம் என்ற குருவானவரின் சுயசரிதை அது. அவரைப்பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஊழியக்காரர்களுக்கு அவர் நல்ல மருந்து. ஹாஸ்லம் பக்தியுள்ளவர்; ஆலயம் கட்டியவர்; ஒழுங்காய் ஆராதனை நடத்தியவர். அவருடைய தோட்டக்காரன் வியாதிப்பட்டிருந்தபோது வேறு சபையார் மூலமாய் ரட்சிப்பின் சந்தோஷத்தைப் பெற்றான். அதைக் கேட்டுக் குருவானவர் சந்தோஷப்படவில்லை, வருத்தப்பட்டார். ராபர்ட் எய்ட்கன் என்ற மற்றொரு குருவானவரிடம் போய் இதைச் சொன்னபோது, நீர் மனந்திரும்பியிருந்தால் அந்த மனுஷனுக்காகச் சந்தோஷப்பட்டிருப்பீர் என்ற கருத்தில் அவர் பதில் சொன்னார். அடுத்த ஞாயிறு, அது 1851-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், ஜெபத்தை மாத்திரம் வாசித்துவிட்டு ஜனங்களை அனுப்பிவிடலாம் என்றே ஹாஸ்லம் ஆலயத்துக்குப் போனார். ஆனாலும் சுவிசேஷ வாசகத்தைக் குறித்து இரண்டு வார்த்தை சொல்லத் தொடங்கினார். சொல்லச் சொல்ல, கிறிஸ்துவைக்குறித்துப் பரிசேயர் அறிந்ததற்கு மேலாகத் தாமும் அறியவில்லை என்பது அவருக்குத் தெளிவாயிற்று. அந்தப் பிரசங்கத்தின் நடுவிலேயே மனந்திரும்பினார். கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து, குருவானவர் மனந்திரும்பிவிட்டார் என்று சத்தமிட்டார்.

தம் சொந்தப் பிரசங்கத்தில் மனந்திரும்பின பிரசங்கி! முப்பது ஆண்டுகளாய்ப் பிரசங்கிக்கிற எனக்கு அது ஒருமுறைகூடச் சம்பவித்ததில்லை. என் பிரசங்கம் எப்போதும் மற்றவர்களுக்கே போய்ச் சேர்ந்தது.

முக்தியின் எழுப்புதலைப்பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெந்தெகொஸ்தே சரித்திரத்தில் அதற்கு நீங்காத இடம் உண்டு. 1890-களின் பஞ்சத்தில் மத்திய மாகாணங்களிலிருந்தும் பிறகு குஜராத்திலிருந்தும் ரமாபாய் மீட்டுக்கொண்டுவந்த சிறுமிகளும் விதவைகளும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கேட்காவில் இருந்தார்கள். வேல்ஸ் தேசத்தின் எழுப்புதல் செய்தி எட்டியபின், 1905 ஜனவரியில் அவர் அதிகாலை ஜெபக்கூட்டம் ஒன்றைத் தொடங்கினார். 70 பேரளவில் ஆரம்பித்தது, நடு ஆண்டுக்குள் 500-க்கும் மேலானது. ஜூன் 29 அதிகாலையில் ஒரு பெண்ணின்மேல் அக்கினி இறங்கியதாகக் கண்டு, மற்றொருத்தி தண்ணீர் எடுக்க ஓடினாள். மறுநாள் ரமாபாய் வழக்கம்போல அமைதியாக யோவான் 8-ஆம் அதிகாரத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது பிள்ளைகள் சத்தமிட்டு ஜெபிக்கத் தொடங்கினார்கள், அவர் நிறுத்தவேண்டியதாயிற்று. வகுப்புகள் நின்றன. பாவ அறிக்கையும் கண்ணீரும் நாட்கணக்காய்த் தொடர்ந்தன. மின்னி ஆப்ராம்ஸ் அம்மையார் இதைப்பற்றி 1906-இல் எழுதின சிறு நூல் சிலி தேசம் வரைக்கும் சென்று, அங்கே 1909-இல் உண்டான பெந்தெகொஸ்தே எழுப்புதலுக்கு ஒரு காரணமாயிற்று. நம் திருநெல்வேலிச் சீமையிலும் 1860-இல் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் நாட்களில் இப்படிப்பட்ட எழுப்புதல் உண்டானதை முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

நாம் அக்கினியைப்பற்றிப் பேசுகிறோம், தண்ணீர் வாளியைப்பற்றியும் சிரித்துக்கொண்டே சொல்லுகிறோம். எனக்கோ அன்று யோவான் 8-ஆம் அதிகாரம்தான் மனதில் நின்றது. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கொண்டுவந்தவர்கள், தங்கள் மனச்சாட்சி குத்த, ஒவ்வொருவராய் வெளியேறினார்கள். முதலாவது வெளியேறினவர்கள் பெரியவர்கள். கடிந்துகொள்ளப்படுவதில் அவர்களே முந்திக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் வெளியேதான் போனார்கள், இயேசுவண்டையில் தங்கியிருக்கவில்லை. உணர்த்தப்படுவதும் மனந்திரும்புவதும் ஒன்றல்ல என்று இதை வைத்து நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன்.

இப்போது 1999-க்கு வருகிறேன்.

அந்நாட்களில் எங்கள் சபைக்கு ஒரு அமைப்பினர் உடன் ஊழியருக்காக மாதம் 1,500 ரூபாய் அனுப்பிவந்தார்கள். ஆண்டு முடிவில் ஒரு படிவம் வரும். அதில் ‘இவ்வாண்டு ஞானஸ்நானம் பெற்றோர்’ என்று ஒரு கட்டம். அவ்வாண்டு நான் ஞானஸ்நானம் கொடுத்தது 11 பேருக்கு. அதே நாளில், அதே கடற்கரையில், பக்கத்துப் பேட்டையின் மூத்த போதகர் ஒருவர் தம் சபையார் 16 பேருக்குக் கொடுத்தார். ஒரே கூடாரம், ஒரே சமையல், ஒரே புகைப்படம். நான் 27 என்று எழுதினேன். புகைப்படத்தையும் இணைத்தேன். பொய் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. ‘நாங்கள் சேர்ந்து கொடுத்தது’ என்று சமாதானம் செய்துகொண்டேன். உதவி இன்னும் இரண்டு ஆண்டு நீடித்தது.

நகரத்தில் வாழ்கிற நமக்கு இது புதிதல்ல, பிரியமானவர்களே. ஊருக்குப் போகும்போது வாட்ச்மேன் வேலையைச் ‘செக்யூரிட்டி ஆபீசர்’ என்று சொல்லுகிறோம். பத்துக்குப் பத்து அறையை ஃபிளாட் என்கிறோம். அப்பா அம்மா மனம் குளிரட்டுமே என்று ஆரம்பிப்பதுதான். பிறகு அந்தப் பொய்க்கு ஏற்றபடி ஊரில் செலவு செய்யக் கடன் வாங்குகிறோம். நானும் அந்த 27-க்கு ஏற்றபடி வாழ்ந்தேன். பல மேடைகளில் அதைச் சொன்னேன். சொல்லிச் சொல்லி அது எனக்கே உண்மையாகிவிட்டது. 2016-இல் எங்கள் சபையின் 20-ஆம் ஆண்டு விழா மலர் அச்சிட்டபோது 14-ஆம் பக்கத்தில் ‘1999: 27 பேர்’ என்று நானே எழுதிக்கொடுத்தேன். ஒரு கணமும் கை நடுங்கவில்லை. முந்தின நாள் இரவு அந்தத் தாயார் கேட்டபோதுதான், எங்கிருந்தோ அந்த எண் எழுந்து வந்து என் முன்னே நின்றது.

சகேயு கர்த்தரை வீட்டில் ஏற்றுக்கொண்டவுடன் ஜெபக்குறிப்பு கொடுக்கவில்லை. யாரிடத்தில் எவ்வளவு வாங்கினேன், அதை எத்தனை மடங்காய்த் திருப்புவேன் என்று பேசினான் (லூக்கா 19:8). அவனுடைய மனந்திரும்புதலில் ஆட்களும் தொகையும் இருந்தார்கள். நானோ இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ உபவாசங்களில் அழுதிருக்கிறேன். அந்தக் கண்ணீர் எவருடைய வீட்டுக் கதவையும் போய்த் தட்டினதில்லை.

கேட்காவ் நிலையத்துக்குத் திரும்பி வந்தேன். ரயிலுக்கு நாற்பது நிமிஷம் இருந்தது. நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்து அந்த மூத்த போதகருக்குத் தொலைபேசியில் பேசினேன். அவருக்கு இப்போது எண்பதை நெருங்குகிற வயது. மகன் வீட்டில் இருக்கிறார். விஷயத்தைச் சொல்லி முடிக்க எனக்கு மூன்று முறை தொண்டை அடைத்தது.

“அந்தப் பதினாறு பேரா தம்பி? மலர் கொண்டு தந்தீங்களே, அன்னைக்கே பாத்தேன்.”

“ஏன் அண்ணே ஒரு வார்த்தை கேக்கல?”

“நீங்களாச் சொல்வீங்கன்னு இருந்தேன். ரொம்ப நாளாயிட்டு.” சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, “அதுல ஒருத்தர் போன வருசம் கர்த்தருக்குள்ள நித்திரையடைஞ்சாரு. அவரு பேரு ஒங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அந்தப் பதினாறு பேரில் ஒருவருடைய பெயரும் எனக்குத் தெரியாது. அவர் எல்லாப் பெயர்களையும் ஒவ்வொன்றாய்ச் சொன்னார்; நான் ரயில் சீட்டின் பின்புறத்திலும் பிறகு கைக்குட்டைப் பொதியின் அட்டையிலும் எழுதிக்கொண்டேன். அவர் பேசிக்கொண்டிருக்கையில் ஒரு விரைவு ரயில் பெருஞ்சத்தத்தோடு நிற்காமல் கடந்துபோனது. ஜன்னல்களில் நம் ஜனங்களின் முகங்களாயிருக்கலாம்.

அன்று மாலை பிம்ப்ரியில் ஆயத்தம்பண்ணிய செய்தியை நான் பிரசங்கிக்கவில்லை. அந்தத் தாயார் மூன்றாம் வரிசையில் இருந்தார்கள். “நேற்று ஒருவர் என்னிடத்தில் ஒரு கேள்வி கேட்டார்கள், பதில் சொல்லுகிறேன்” என்று தொடங்கி, இங்கே எழுதினதை அங்கே சொன்னேன். இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பெரிய அசைவு ஒன்றும் உண்டாகவில்லை. உண்மையில், முந்தின இரண்டு நாட்களைவிடக் குறைவான பேரே முன்னே வந்தார்கள். கூட்டத்தை ஒழுங்குசெய்த சகோதரர் கொஞ்சம் சங்கடப்பட்டது தெரிந்தது. ஆனால் ஒரு வாலிபன் எழுந்து வெளியே போய்த் தொலைபேசியில் யாரோடோ நெடுநேரம் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என்னவென்று நான் விசாரிக்கவில்லை. அந்தத் தாயார் போகும்போது, “நானும் ஒரு வீட்டம்மாகிட்ட பேச வேண்டியிருக்கு ஐயா, ஜெபம்பண்ணிக்கிடுங்க” என்று மாத்திரம் சொன்னார்கள்.

மும்பை திரும்பினதும் என் மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டாள்: மாதம் 1,500, இரண்டு ஆண்டு, 36,000 ரூபாய். அந்த அமைப்புக்குக் கடிதம் எழுதினோம். அந்த முகவரியில் அப்படி யாரும் இல்லை என்று அஞ்சலுறை திரும்பி வந்தது. பழைய பொறுப்பாளர் ஒருவர் கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு விசாரித்துவருகிறோம். திரும்பக் கொடுக்க உறவினர் ஒருவனும் இல்லாவிட்டால் அது கர்த்தருடையதாகி ஆசாரியனைச் சேரும் என்று எண்ணாகமம் 5:8 சொல்லுகிறதே என்று நான் சொன்னேன். “அப்போ மறுபடியும் உங்க பாக்கெட்டுக்கே வந்துரும்!” என்று அவள் சிரித்துவிட்டாள். பணத்தைத் தனியாக வங்கியில் போட்டு வைத்திருக்கிறோம்.

அடுத்த ஞாயிறு எங்கள் சபையிலும் சொன்னேன். அது பிம்ப்ரியைவிடக் கடினமாயிருந்தது; அங்கே நான் விருந்தாளி, இங்கே பிள்ளைகள் என்னை ஐயா என்று அழைக்கிறவர்கள். இரண்டு குடும்பத்தார் சில வாரம் வரவில்லை. ஒரு குடும்பம் திரும்பி வந்தது. மூத்த போதகரை ஒரு ஞாயிறு அழைத்துவந்து, அந்தப் பதினாறு பேரின் பெயர்களையும் அவரைக்கொண்டே சபையில் வாசிக்கச் சொன்னோம். அவர்களில் நால்வர் நேரில் வந்திருந்தார்கள். அலமாரியில் மீதியிருந்த நாற்பது விழா மலர்களிலும் திருத்தச் சீட்டை வாலிபர்கள் பசை தடவி ஒட்டினார்கள். ஏறக்குறைய முந்நூறு பிரதிகள் வெளியே போயிருக்கின்றன. அவற்றில் ஒன்று உங்களில் யாருடைய வீட்டிலாவது இருக்குமானால், தயவுசெய்து 14-ஆம் பக்கத்தைத் திறந்து, 27 என்றிருப்பதை 11 என்று பேனாவினால் திருத்திக்கொள்ளுங்கள்.